விடுபட்டவை: ஒன்று

திருப்பூரில் இருந்த அந்த ஸ்கேன் பயிற்சிக் கல்லூரியில், முதலாம் ஆண்டின் ஏழாவது வாரத்தில், சென்னியப்பனின் வயிறு பாடப்புத்தகமானது. அதுவரை அது வெறும் வயிறுதான். நாற்பத்து மூன்று வருடமாக ஊரில் யாருடைய கவனத்தையும் கவராமல், சட்டையின் நான்காவது பொத்தானுக்கு மட்டும் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் இருபது வருடம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தவர். வெளிச்சப் பலகையின் மேல் ரோல் ரோலாகத் துணி ஓடும். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, சாய வேறுபாடு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிறகு கேமரா வந்தது. அது சென்னியப்பனைவிட வேகமாகப் பார்த்தது, நடுவில் டீ கேட்கவில்லை. வேலை போனவர்களுக்கென்று அரசு அறிவித்த மறுபயிற்சிப் பட்டியலில் ‘அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், இரண்டாண்டு’ என்று ஒரு வரி இருந்தது. இதுவும் பார்க்கிற வேலைதானே என்று சேர்ந்துவிட்டார். ஸ்கேனையும் இப்போதெல்லாம் மெஷின்தான் பார்க்கிறது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மெஷினிடம் வேலையைப் பறிகொடுத்துவிட்டு, இன்னொரு மெஷின் ஏற்கெனவே பறித்துக்கொண்ட வேலையை இரண்டு வருடம் படிக்க வந்த ஒரே புத்திசாலி தான்தான் என்று மனைவி துளசிமணியிடம் சொன்னார். அவளும் மறுக்கவில்லை.

“அப்புறம் எங்களுக்கு எதுக்கு மேடம் படிப்பு?” என்று முதல் நாளே வகுப்பில் கேட்டார்.

பாடம் நடத்தியவர் மார்கரெட் மேடம். இருபத்தொன்பது வயது. சென்னியப்பனை ‘சார்’ என்று கூப்பிடுவார். அவர் பெயிலாகும்போதும் ‘சார்’தான்.

“சட்டம் சார். உடம்புல வெச்சுத் தேய்க்கிற புரோப்பை மனுசக் கைதான் பிடிக்கணும், முடிவை மனுச வாய்தான் சொல்லணும்.”

“அப்ப கண்ணு?”

“கண்ணு இல்லாம கை எங்க போகும்?”

ஆகவே எல்லாவற்றையும் படித்தார்கள். ஒலி உள்ளே போய் எதில் பட்டு எப்படித் திரும்புகிறது, நீர் ஏன் கறுப்பாகத் தெரிகிறது, கல் ஏன் வெள்ளையாகத் தெரிந்து பின்னால் நிழலை விடுகிறது, குடலில் இருக்கும் காற்று எப்படி எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு வில்லத்தனம் செய்கிறது. தோள் வலிக்காமல் நிற்பது எப்படி, ஜெல்லைச் சூடுபடுத்தித் தடவுவது எப்படி, போர்வையை எதுவரை விலக்கலாம், “மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க” என்று மிரட்டாமல் சொல்வது எப்படி. சென்னியப்பனுக்கு ஜெல் சூடுபடுத்துவது நன்றாக வந்தது. மற்றதெல்லாம் சுமார். இயற்பியல் வரவே இல்லை. வீட்டில் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தியதுதான் மிச்சம்.

வகுப்பில் பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டுப் பேரும் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். பயிற்சிக்கு ஒருவரை ஒருவர்தான் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். “நம்ம பிள்ளைங்க எல்லாம் ஒல்லிக்குச்சி. அவங்களைப் பார்த்துக் கத்துக்கிறது, வெட்டவெளியில சைக்கிள் பழகற மாதிரி. சென்னியப்பன் சார் உடம்புலதான் உண்மையான சவால் இருக்கு” என்றார் மார்கரெட் மேடம். சென்னியப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். பள்ளியிலும் கம்பெனியிலும் யாரும் அவரைச் சவால் என்று சொன்னதில்லை.

கல்லூரி மெஷினில் பயிற்சி முறை என்று ஒன்று உண்டு. அதில் மெஷின் தனக்குத் தெரிந்ததை வெளியே சொல்லாது. மாணவர் உடம்பு முழுக்கப் பார்த்து, இயல்புக்கு மாறாக எது தெரிகிறதோ அதைத் திரையில் குறிக்க வேண்டும். கடைசியில் மெஷின் இரண்டு எண்களை மட்டும் காட்டும். ‘விடுபட்டவை’ எத்தனை, ‘தவறானவை’ எத்தனை. எது விடுபட்டது என்று சொல்லாது. ஒருவருக்கு ஒரு உடம்பில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மதிப்பெண்.

முதலில் ரிஸ்வானா பார்த்தாள். வகுப்பில் முதல் ஆள் அவள்தான். எல்லாரிடமும் பூச்சியம், பூச்சியம் என்று எடுத்துவிடுவாள். அரைமணி நேரம் கல்லீரல், பித்தப்பை, கணையம், இரண்டு சிறுநீரகம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கல்லீரலில் லேசாகக் கொழுப்பு என்று ஒரு குறி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

விடுபட்டவை: 1. தவறானவை: 0.

“அங்கிள், உங்ககிட்ட இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள். சென்னியப்பன் ‘அண்ணா’ என்ற அழைப்பை எதிர்பார்த்து ஏழு வாரமாகக் காத்திருந்தவர். அதனால் அவள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது.

அன்று மாலைக்குள் எட்டுப் பேர் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கும் அதே ஒன்று. மறுநாள் மீதிப் பேர். அவர்களுக்கும் ஒன்று. ஒரு பையன் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் குறி வைத்துத் தள்ளினான். தவறானவை நாற்பத்தாறு என்று வந்ததே தவிர, அந்த ஒன்று அப்படியே இருந்தது.

அதன்பின் சென்னியப்பனின் புகழ் கல்லூரி எங்கும் பரவியது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட மதிய இடைவேளையில் வந்து, “ஒருக்கா பாத்துக்கட்டுங்களா?” என்று கேட்டார்கள். ஸ்கேனுக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதால் அவர் தினமும் பட்டினியோடு போனார். முடிந்ததும் யாராவது பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் இடம் விட்டார்கள். நோட்டு எழுதிக் கொடுத்தார்கள். வயதானாலும் தன்னிடம் ஒரு வசீகரம் இருக்கத்தான் செய்கிறது என்று மூன்று வாரம் நம்பினார். நாலாவது வாரம், கழிப்பறை வாசலில் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“பாவம்டா அந்த அங்கிள். கணையத்துக்குப் பின்னால இருந்தா நமக்குத் தெரியவே தெரியாதாம்.”

அன்றைக்கு வாங்கித் தந்த பஜ்ஜியை அவரால் விழுங்க முடியவில்லை. இருந்தாலும் வீணாக்கவில்லை.

துளசிமணி இன்னொரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷினையும் நாற்பது வாயையும் ஒரே பார்வையில் அடக்குபவள். கணவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, “உள்ள என்னமோ இருக்குதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேக்கோணும். வீட்டுல உக்காந்து ஒப்பாரி வெச்சா அது வெளிய வருமா?” என்றாள்.

போனார்கள். ஆஸ்பத்திரியிலும் அதே மாதிரி மெஷின்தான். புரோப்பைப் பிடித்திருந்த இளைஞன் திரையைப் பார்த்து, “எல்லாம் இயல்பா இருக்குங்க. கொழுப்பைக் குறைச்சுக்கங்க” என்றான்.

“வேற ஒண்ணும் இல்லீங்களா?”

“சொல்ற மாதிரி ஒண்ணுமில்லீங்க.”

‘சொல்ற மாதிரி’ என்ற வார்த்தையில் சென்னியப்பன் மாட்டிக்கொண்டார். மறுநாள் மார்கரெட் மேடத்தின் அறைக்குப் போய் நின்றார்.

“உட்காருங்க சார்” என்றார் அவர். “முன்னெல்லாம் கடைத்தெருவுல கூண்டு கூண்டா ஸ்கேன் மெஷின் வெச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? உள்ள போய் நின்னா உடம்புல இருக்கிற அத்தனையையும் அச்சடிச்சுக் கொடுக்கும். கடுகு, மிளகு சைஸ் எல்லாம் சேர்த்து. ஜனங்க அதைக் கையில வெச்சுக்கிட்டு ஆப்பரேஷனுக்கு வரிசையில நின்னாங்க. முக்கால்வாசி, உடம்புல அது பாட்டுக்குக் கிடந்துட்டுப் போயிருக்க வேண்டியது. எங்கப்பாவுக்குக் கழுத்துல ஒரு புள்ளி. வெட்டினாங்க, குரல் போச்சு. இப்பவும் என்னைக் கை தட்டித்தான் கூப்பிடுவார்.”

சென்னியப்பன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. குறிப்பிட்ட அளவுக்கு மேல போனாத்தான் ஆஸ்பத்திரி மெஷின் சொல்லும். அதுக்குக் கீழ இருந்தா, பார்த்தாலும் வாயைத் திறக்காது. இங்க நீங்க எல்லாத்தையும் பார்க்கப் பழகணும், அதனால பயிற்சி மெஷின் எல்லாத்தையும் எண்ணும். அந்த எண்ணிக்கை மட்டும் வெளிய கசியுது. அது என்னன்னு நானே தேடிச் சொன்னாலும் சட்டப்படி குத்தம். சட்டம் எழுதினவங்க மாணவரோட வயித்தை நினைச்சுப் பார்க்கல சார்.”

“மெஷினுக்கே அது நல்லதா கெட்டதான்னு தெரியாதுங்களா?”

“இருக்குன்னு தெரியும். என்ன பண்ணப் போகுதுன்னு தெரியாது. அது தெரிஞ்சா சட்டமே தேவையில்லையே.”

அடுத்த இரண்டு மாதம் சென்னியப்பன் சாகப்போகிறவரைப் போல நடந்துகொண்டார். அதற்கு அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆறு வருடமாகப் பேசாமல் இருந்த மைத்துனருக்குப் போன் போட்டு, “எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன் மாப்ள” என்று தழுதழுத்தார். தங்களுக்குள் சண்டை என்பதே மைத்துனருக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட்டு குடும்பத்தோடு வந்து ஒன்பது நாள் தங்கினார். சென்னியப்பன் துளசிமணியிடம், கல்யாணமான புதிதில் அவளுடைய மிக்ஸியை உடைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். “தெரியும்” என்றாள் அவள். அவள் செய்யும் அரிசிம்பருப்புச் சோறு தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அது அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அரிசிம்பருப்புதான்.

ஆனால் தூக்கம் மட்டும் நிஜமாகவே போய்விட்டது. படுத்தால் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒரு சனிக்கிழமை மதியம், வகுப்பில் யாரும் இல்லாத நேரத்தில், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இடது விலாவுக்குக் கீழே புரோப்பை வைத்து அழுத்தினார். தன் வயிற்றையே தாண்டிக் கையை நீட்டித் திரையைப் பார்ப்பது, கண்டக்டர் கூட்டத்துக்குள் கைவிட்டு டிக்கெட் கொடுப்பது போன்ற வேலை. மற்றவர்கள் எல்லாம் உறுப்பைத் தேடி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அவருக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது. துணியைப் பார்க்கிற மாதிரி, ஒரே வேகத்தில், நிறுத்தாமல் ஓட்டினார். துணி ஓடும்போது கண் எதையும் தேடாது. மாறி ஓடுவது தானாகவே வந்து கண்ணில் மாட்டும்.

மண்ணீரலின் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டை வந்து மாட்டியது. மண்ணீரலின் அதே சாம்பல். அதே நூல், அதே சாயம், ஆனால் தனித் துண்டு. எல்லாரும் அதை மண்ணீரலோடு சேர்த்தே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லீரல் கொழுப்போடு இதையும் குறித்தார்.

விடுபட்டவை: 0.

மார்கரெட் மேடத்தைப் போனில் கூப்பிட்டுப் படத்தை அனுப்பினார். மறுமுனையில் அவர் சிரித்தார். “துணை மண்ணீரல் சார். குட்டி. பிறக்கும்போதே சில பேருக்கு ஒண்ணு உபரியா வந்துரும். ஒண்ணும் பண்ணாது. தீர்க்காயுசா இருங்க.”

சென்னியப்பன் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது. அது நின்றதும், சொல்ல வெட்கமான இன்னொன்று வந்தது, கொஞ்சம் ஏமாற்றம். மூன்று மாதமாக அவர் கல்லூரியின் மர்மமாக இருந்தார். திங்கட்கிழமை முதல் உபரி மண்ணீரல் உள்ள குண்டு அங்கிள்தான். நினைத்தபடியே, திங்கட்கிழமை யாரும் பஜ்ஜி வாங்கித் தரவில்லை.

ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொருவரும் வெளியாள் ஒருவரை அழைத்து வந்து, சம்மதக் கையெழுத்து வாங்கி, வகுப்பின் முன்னால் ஸ்கேன் செய்துகாட்ட வேண்டும். சென்னியப்பனுக்குத் துளசிமணியை விட்டால் வேறு ஆள் இல்லை. மைத்துனரைக் கூப்பிட்டால் மறுபடி ஒன்பது நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வெறும் வயிற்றோடு வந்து படுத்தாள். சென்னியப்பன் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

“ஏனுங்க, தேச்சது போதும். இதென்ன தோசைக்கல்லா?” என்றாள் துளசிமணி. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் கை ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இடது சிறுநீரகத்தின் மேல் நுனியைக் கடக்கும்போது கண் எதிலோ தடுக்கியது. பட்டாணி அளவு. சாயம் கொஞ்சம் வேறாக இருந்தது. திரும்ப ஓட்டினார், இல்லை. மறுபடி ஓட்டினார், இருந்தது. குறிக்காமல் விடலாமா என்று யோசித்தார். தவறாகக் குறித்தால் மதிப்பெண் போகும். அதுவரை அடுத்தவர் உடம்பில் அவருடைய சாதனையே விடுபட்டவை மூன்று, தவறானவை ஐந்துதான். ஆனால் இருபது வருடப் பழக்கம் விடவில்லை. சந்தேகம் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறித்தார். அந்த ஒன்றுதான். முடித்துவிட்டு பட்டனை அழுத்தினார்.

விடுபட்டவை: 0. தவறானவை: 0.

“அங்கிள்!” என்று ரிஸ்வானா கத்தினாள். வகுப்பே கை தட்டியது. கடைசி பெஞ்சுக்காரர் முழு மதிப்பெண் எடுத்திருக்கிறார். யாரோ விசிலடித்தார்கள். சென்னியப்பன் தேர்தலில் ஜெயித்தவரைப்போல இரண்டு கையையும் தூக்கினார். சிரித்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கும்போதுதான் அது உறைத்தது.

எதுவும் விடுபடவில்லை. எதுவும் தவறில்லை. அப்படியென்றால் அந்தப் பட்டாணி நிஜம்.

மார்கரெட் மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். துளசிமணி உடை மாற்றப் போனதும் சென்னியப்பனை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார்.

“எல்லைக்குக் கீழதான் இருக்கு சார். ஆஸ்பத்திரி மெஷின் இதைச் சொல்லாது. இந்த மாதிரி நிறைய, கடைசிவரைக்கும் அப்படியே கிடக்கும்.”

“மீதி?”

“சிலது வளரும். எதுன்னு யாருக்கும் தெரியாது.” குரலைத் தாழ்த்தினார். “சட்டப்படி நீங்க அவங்ககிட்ட சொல்லக்கூடாது. இதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிட்டேன். நான் காபி குடிக்கப் போறேன். நீங்க வீட்டுல என்ன பேசிக்கிறீங்கன்னு கேக்கறதுக்கு எந்தச் சட்டமும் இல்லை.”

கல்லூரிக்கு எதிரில் ஒரு மெஸ். துளசிமணி முந்தின நாள் இரவிலிருந்து சாப்பிடவில்லை. நான்கு இட்லி சொன்னாள். சென்னியப்பன் தனக்குப் பசியில்லை என்றார். அதை அவள் நம்பாததால் அவருக்கும் இரண்டு வந்தது.

இரண்டு மாதம் அவர் தூங்காமல் கிடந்தது ஒன்றுமில்லாத ஒன்றுக்காக. இது ஒன்றுமில்லாததா என்று யாருக்கும் தெரியாது. இவள் படுத்ததும் தூங்குகிறவள். அந்தத் தூக்கத்தைப் பிடுங்கவா? சொல்லாமல் இருந்தால் சட்டமும் தன் பக்கம். சட்டம் தன் பக்கம் இருப்பது சென்னியப்பனுக்கு வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

“ஏனுங்க, என்ன சொல்லுச்சு உங்க மெஷினு?”

“ஒண்ணும் விட்டுப்போகலைன்னு சொல்லுச்சு” என்றார்.

அது உண்மை. ஆனால் அவர் இதுவரை அவளிடம் சொன்ன பொய்களெல்லாம் இந்த உண்மையைவிட யோக்கியமானவை.

துளசிமணி தலையாட்டிக்கொண்டு இட்லியைப் பிட்டாள். சட்னியில் தோய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள்.

“விட்டது இல்லீங்க. சரி. புடிச்சது எத்தனை?”

சென்னியப்பன் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

“எங்க லைன்ல செக்கிங் புள்ளைங்களும் இதையேதான் சொல்லுவாளுங்க. ‘அக்கா, எதையும் விடலீங்க’ன்னு. எத்தனை புடிச்சேன்னு கேட்டாத்தான் விசயம் வெளிய வரும். சொல்லுங்க.”

“ஒண்ணு.”

அவள் இட்லியைத் தட்டில் வைத்தாள். அவர் சொன்னார். எந்த இடம், என்ன அளவு, வளரலாம், வளராமலும் இருக்கலாம், சொல்லக்கூடாது என்று சட்டம், எல்லாவற்றையும். வகுப்பில் கற்றுக்கொடுத்த மாதிரி நிதானமாகச் சொல்லத்தான் நினைத்தார். வரவில்லை. பாதியில் கண்ணைத் துடைக்கப் போய் கன்னத்தில் சட்னி ஒட்டிக்கொண்டது.

சாம்பார் வாளியோடு வந்தவருக்குத் துளசிமணி தட்டைக் காட்டினாள். ஊற்றிவிட்டுப் போனார்.

“உங்களுது ஒண்ணுமில்லாமப் போச்சு” என்றாள்.

“ஆமா.”

“இதுவும் அப்படிப் போலாம்.”

“போலாம்.”

“போகாமயும் இருக்கலாம்.”

அவள் கை தானாக இடது விலாவுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பியது. முகம் வெளுத்திருந்தது. அவளை அப்படி அவர் பார்த்ததில்லை.

“சொல்லாம இருந்திருக்கோணும் துளசி. நீ தூங்கியிருப்பே.”

“நான் தூங்கியிருப்பேன். பக்கத்துல நீங்க உருண்டுட்டுக் கெடந்திருப்பீங்க. ரெண்டு மாசமா உங்க பெருமூச்சைக் கேட்டதே போதுமுங்க.” முந்தானையால் அவர் கன்னத்துச் சட்னியைத் துடைத்தாள். “மறுபடி எப்பப் பாக்கோணும்?”

“ஆறு மாசத்துல.”

“யாரு பாக்கறது? ஆஸ்பத்திரிலதான் சொல்லமாட்டாங்களே.”

“படம் திரையில வருமே. எடம் தெரிஞ்சவங்க பாத்தா, வளந்துதா இல்லையான்னு கண்ணுலயே தெரியும்.”

“எடம் யாருக்குத் தெரியும்?”

“மேடத்துக்கு. அப்புறம் எனக்கு.”

துளசிமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வகுப்பில் அவருடைய இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். விதி தனக்கு ஒதுக்கிய ஆளைப் பார்த்து அவள் கொஞ்சம் திகைத்துப்போனது போலிருந்தது.

“பரீட்சை எப்பங்க?”

“அடுத்த மாசம்.”

“எதுல பெயிலாவீங்க?”

“இயற்பியல்ல” என்றார் சென்னியப்பன் நேர்மையாக.

அவள் மீதி இட்லியை ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள். அவரையும் சாப்பிட வைத்தாள். வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, வழக்கமாகக் கம்பியைப் பிடிப்பவள், அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். வண்டி மேம்பாலம் ஏறும்போது அவர் காதருகே கேட்டாள்.

“சத்தம் எதுல வேகமாப் போகும்? காத்துலயா, தண்ணிலயா?”

சென்னியப்பன் யோசித்தார். “காத்துல.”

“தண்ணில. நீங்க கத்திக் கத்திப் படிச்சதைக் கேட்டு எனக்கே மனப்பாடமாயிருச்சு. சொல்லுங்க.”

“தண்ணில.”

“இன்னொருக்கா” என்றாள் துளசிமணி.